பேணியில் மிஞ்சிய துண்டுகள்

எங்கள் ஊரில் கடல் இரைச்சல் கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மீன் லொறிகளுக்கு ஐஸ் சேர்த்து வைப்பதற்காக ஒரு முதலாளி கட்டிய அறை அது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவில் உமியை அடைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இரும்புக் கொண்டி போட்ட கனத்த மரக் கதவு ஒன்று மட்டும். சண்டை வந்து, கடலில் இறங்கும் நேரத்தையும் தூரத்தையும் கடற்படை குறைத்துவிட்ட பிறகு மீன் குறைந்தது, லொறிகள் வருவது நின்றது, ஐசும் நின்றது. முதலாளி கதவுத் திறப்பை ஊர் வாசிகசாலையிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார்.

நான் இதுவரை நேரில் கேட்ட பாட்டுக் கச்சேரிகள் எல்லாம் அந்த அறைக்குள் கேட்டவைதான். மேடை இல்லை. ஒலிபெருக்கி இல்லை, அதற்கு அனுமதி கிடைக்காத காலம். நாற்பது பேர் இருந்தால் இடம் நிரம்பிவிடும். பெண்கள் ஒரு பக்கம் பாயில், ஆண்கள் மறுபக்கம் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளில். பாடுகிறவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் இடையில் இரண்டு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். அவர் மூச்சு இழுப்பது கேட்கும். ஆர்மோனியத்தின் துருத்தியில் கிழிந்த இடம் வழியாகக் காற்றுப் போவது கேட்கும். எத்தனை தடவை கழுவினாலும் சுவரில் ஊறிய மீன் வாடை போகவில்லை. கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். ஆனாலும் சாத்துவார்கள். சாத்தினால்தான் கடல் வெளியே நிற்கும். பிறந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்குள் கிடந்தவர்கள் நாங்கள். கதவு விழுந்ததும் எல்லோரும் ஒரு கணம் காதைத் தொட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகு ஆர்மோனியத்தின் முதல் சுரம் வரும்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில், கடலுக்கும் உப்பு நீர்க் களப்புக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், வலை போட முடியாது. முன்பெல்லாம் அந்த மாதங்களில் ஊரில் பாதிப் பேர் வலையையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகரைக்கு, முல்லைத்தீவுப் பக்கத்துக் கடலுக்குப் போய்விடுவார்களாம். அங்கே மணலில் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தக் குடிசைகளுக்கு வாடி என்று பெயர். காற்று மாறியதும் திரும்பி வருவார்கள். நான் நினைவறிந்த வயதுக்கு வரும்போது சண்டை அந்தப் பாதையை அடைத்துவிட்டது. சோளகக் காலம் முழுவதும் ஆண்கள் போக இடமில்லாமல் ஊரில் இருந்தார்கள். ஐஸ் அறையில் கச்சேரி தொடங்கியது அப்படித்தான். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைகளில், பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்துவிட வேண்டும். ஆறுக்குப் பிறகு ஊரில் யாரும் நடமாடுவதில்லை.

ஆர்மோனியம் வாசித்தவர் கோயில் பஜனைக்கு வாசிக்கிறவர். புல்புல்தாரா வாசித்தவர் கனமூலையிலிருந்து துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்க வருகிற முஸ்லிம் நானா. மூட்டைக்குள் சேலைகளுக்கு நடுவில் அந்த வாத்தியம் இருக்கும். பாடியவர் எங்கள் அடுத்த வீட்டு மாமா. உறவு இல்லை, மாமா என்றுதான் பழக்கம். கரைவலை இழுக்கிற தொழில். அவருடைய குரல் பெரிய குரல் அல்ல. கடற்கரையில் வலை இழுக்கும்போது அவர் பாடினால் பக்கத்தில் கயிறு பிடிப்பவருக்கே கேட்காது என்று கேலி செய்வார்கள். அந்த அறைக்குள் வந்த பிறகுதான் அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது. மெல்லிய குரல். கொஞ்சம் கரகரப்பு. சொல்லின் கடைசி எழுத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

என்னுடைய இடம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பால்மாத் தகரப் பேணி இருக்கும், மூடியில் ஒரு கீறல் வெட்டியிருக்கும். வேண்டிய பாட்டைத் துண்டில் எழுதி அதற்குள் போட வேண்டும். பேணி வெறுமையாகும் வரைக்கும் கச்சேரி முடியாது, பாடுகிறவர் எழும்பக் கூடாது. இது ஆர்மோனியக்காரர் போட்ட சட்டம். துண்டை எடுத்து வாசிப்பவள் நான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பவளும் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிலாபத்தில் போய் உயர்தரம் படித்தேன், சிங்களம் எழுத வாசிக்கப் படித்தேன். ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பேணிக்குப் பக்கத்தில் பேனையோடு இருப்பது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"பிள்ளை, எனக்கு ஒண்டு எழுது," என்பார் யாராவது ஒரு மாமி.

"என்ன பாட்டு?"

"போன போயாவுக்குப் படிச்சவரே, அது."

"போன போயாவுக்குப் பதினாலு பாட்டுப் படிச்சவர் மாமி."

"நான் அழுத பாட்டு."

"நீங்க பதினாலுக்கும் அழுதனீங்க."

அறையே சிரிக்கும். மாமா ஆர்மோனியக்காரரைப் பார்த்து, "அப்ப பதினாலையும் திருப்பிப் படிப்பம், அவ அழுது முடிக்கட்டும்," என்பார்.

என் அப்பா எப்போதும் கதவோரத்துப் பெட்டியில் இருப்பார். ஒரு நாளும் துண்டு போட்டதில்லை. கேட்டால், "எனக்கென்ன பாட்டு, எல்லாம் ஒண்டுதான்," என்பார். ஆனால் ஒரு கச்சேரியையும் விட்டதில்லை.

நான் படிப்பை முடித்த வருடத்தில் கொழும்பில் எங்கோ குண்டு வெடித்தது. இரண்டு வாரத்தில் எங்கள் பக்கத்துக்குப் புதுக் கட்டளை வந்தது. எந்தக் கூட்டம் என்றாலும் வருகிறவர்களின் பட்டியலை முன்கூட்டியே பொலிசுக்குக் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், தொழில். எல்லாம் சிங்களத்தில். வாசிகசாலைச் செயலாளர் படிவத்தைக் கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு யாரிடம் போவார்? அம்மா ஓடிப்போய் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டார், அவருக்கல்ல. அவர் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாட்கள் எழுதினேன். ஆட்கள் தங்கள் அட்டைகளைக் கொண்டு வந்தார்கள். அட்டையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன். எல்லோருக்கும் பிறந்த இடம் எங்கள் ஊர்தான். கனமூலை நானாவுக்குக் கனமூலை. மாமாவிடம் மட்டும் அட்டை இல்லை. போன வருடம் தோணி கவிழ்ந்தபோது அது கடலோடு போய்விட்டது. கிராம சேவகர் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தார். அதில் இன்ன ஊரில் வசிக்கிறார் என்று இருந்ததே தவிர, பிறந்த இடம் இல்லை. நான் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டேன். அவருடைய மனைவி, எங்கள் மாமி, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தார். விரித்தால் முல்லைத்தீவு என்று இருந்தது, அப்போது புலிகளின் கையில் இருந்த இடம்.

"இதப் பாக்காத," என்றார் மாமா. "எங்கட அம்மா வாடியில வச்சுப் பெத்தவ. நீ இந்த ஊர் எண்டு போடு."

"பத்திரத்தில அப்படி இல்லையே மாமா."

"பத்திரத்த ஆர் கேட்ட?"

"அவங்க கேட்டா? ஒரு இடத்தில பொய் எழுதினா முழுப் பட்டியலும் செல்லாது. நாப்பது பேருக்கும் பிரச்சினை."

"பொய் எண்டு ஏன் சொல்ற? நான் இந்த ஊர் இல்லாம வேற எந்த ஊர்?"

"இது இருக்கிற இடம் இல்ல மாமா, பிறந்த இடம். பிறந்த இடம் எண்டா பிறந்த இடந்தான்."

மாமா சிரித்தார். "சரி டீச்சர். நீங்க படிச்ச ஆக்கள்," என்றார். எனக்கு இன்னும் நியமனம் வரவில்லை. அந்த 'டீச்சர்' கேலியா பாராட்டா என்று யோசித்துக்கொண்டே அந்தக் கட்டத்துக்குள் வட்டம் வட்டமான அழகிய எழுத்தில் எழுதினேன். அடுத்த வரியில் என் பெயரையும் எழுதி, பிறந்த இடத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டேன்.

போயா அன்று அறை நிரம்பியிருந்தது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்தப் போகும்போது ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். சார்ஜன்ட் கையில் என் பட்டியல். ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆட்கள் எழும்பி நின்று உட்கார்ந்தார்கள். மாமாவின் பெயர் வந்ததும் அவர் எழும்பினார். சார்ஜன்ட் அவரை உட்காரச் சொல்லவில்லை. பட்டியலை முடிக்கும் வரை மாமா நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார்: "அனுமதி ஆறு மணி வரை இருக்கிறது. நடத்துங்கள். முடிந்ததும் இவர் எங்களோடு வரவேண்டும். ஒரு சின்ன விசாரணை." சொல்லிவிட்டு, அப்பா விலகிக் கொடுத்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சின்ன விசாரணைக்குப் போனவர்கள் எத்தனை நாளில் வருவார்கள் என்று அந்த வருடங்களில் யாருக்கும் தெரியாது. நான் அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா கதவைச் சாத்தினார்.

முதல் இரண்டு பாட்டும் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாவது துண்டை எடுத்து வாசித்தபோது பேணிக்குள் ஏழெட்டுத் துண்டுதான் இருப்பதைக் கண்டேன். அப்போது மாமி பாயில் இருந்து நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தார்.

"பிள்ளை, ஒண்டு எழுது."

"என்ன பாட்டு மாமி?"

"என்னவும் எழுது."

நான் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. பேணி வெறுமையானால் கச்சேரி முடிந்துவிடும். கச்சேரி முடிந்தால் அவர் போக வேண்டும். நான் கொப்பித் தாளைக் கிழித்து எழுதினேன். மாமிக்குப் பின்னால் இன்னொருவர். "எனக்கும் ஒண்டு." அவருக்குப் பின்னால் இன்னொருவர். எழுதத் தெரிந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்து எழுதினார்கள். போன போயாவில் பாடிய பாட்டு, அதற்கு முந்திய போயாவில் பாடிய பாட்டு, சற்றுமுன் பாடி முடித்த பாட்டு. தாலாட்டுக் கேட்டார்கள், கோயில் பாட்டுக் கேட்டார்கள், கல்யாண வீட்டில் பொம்பிளைகள் படிக்கிற கேலிப் பாட்டைக்கூட ஒரு கிழவர் கேட்டார். மாமா அதையும் பாடினார். சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

"நீ எனக்கும் ஒண்டு எழுது," என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. அப்பா.

"என்ன பாட்டு அப்பா?"

"நான் கேட்டுப் பழக்கமில்ல. நீயே ஒண்டப் போடு." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். வெறுந் துண்டை மடித்துப் பேணிக்குள் போட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதினேன்.

பேணி நிரம்பிக்கொண்டே இருந்தது. சார்ஜன்ட் இதைக் கவனித்து என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆர்மோனியக்காரர் தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சட்டத்தைச் சொன்னார்: பேணி முடியும் வரை எழும்பக் கூடாது. சார்ஜன்ட் பேணியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். வாயோரத்தில் சிரித்ததுபோல் எனக்குப் பட்டது. அவருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரிந்திருந்தது.

நானா இடையிசையை நீட்டினார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் புல்புல்தாராவின் கம்பியை முறுக்கி முறுக்கிச் சுருதி சேர்த்தார், சேர்ந்திருந்த சுருதியைக் குலைத்து மறுபடி சேர்த்தார். ஐந்து மணிக்கு மாமாவின் குரல் உடையத் தொடங்கியது. யாரோ செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அறை ஒரு பேக்கரிப் போறணையைப்போல் கொதித்தது. ஒருவரும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு, நின்றுகொண்டிருந்த கான்ஸ்டபிள்களில் ஒருவர் குனிந்து என்னிடம் ஒரு சிங்களப் பாட்டைச் சொன்னார். அதைச் சிங்களத்திலேயே எழுதி, பேணியில் போடாமல் உடனே வாசித்தேன். மாமாவுக்குப் பாதிதான் தெரியும். மிச்சப் பாதியைக் கான்ஸ்டபிள் தாழ்ந்த குரலில் பாடினார். நல்ல குரல் அவருக்கு. வேறு நாளாயிருந்தால் ஊர் அதைப் பற்றி ஒரு மாதம் கதைத்திருக்கும்.

ஆறு மணிக்கு சார்ஜன்ட் எழும்பினார்.

"பேணி முடியேல்ல," என்றார் ஆர்மோனியக்காரர், தமிழில்.

"ஆறு மணி," என்றார் சார்ஜன்ட், சிங்களத்தில். கதவைத் தள்ளித் திறந்தார். கடல் உள்ளே வந்தது.

மாமா சாரத்தை இறுக்கிக் கட்டினார். வாசலில் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டார். என்னைத் தாண்டும்போது, பாடித் தேய்ந்த குரலில், "எத்தனை மிச்சம்?" என்றார்.

"எண்ணேல்ல மாமா."

"எண்ணி வை."

மறுநாள் காலை மாமியோடு நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மாமிக்குச் சிங்களம் தெரியாது. பொறுப்பதிகாரி மலைநாட்டுப் பக்கத்துச் சிங்களவர், மரியாதையான ஆள். அதனால்தான் அவரை என்னால் வெறுக்கக்கூட முடியவில்லை. மேசையில் என் பட்டியலை விரித்து, "யாருடைய எழுத்து?" என்றார்.

"என்னுடையது."

"நல்ல எழுத்து. தமிழ்ப் பிள்ளைகள் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை." விரலை அந்தக் கட்டத்தில் வைத்தார். "இது உண்மையா?"

உண்மை என்றேன். பிறகு வாடியைப் பற்றிச் சொன்னேன். சோளகத்தைப் பற்றி, ஊரோடு போய் ஊரோடு திரும்புவதைப் பற்றி. அவர் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க நான் சொல்வது எனக்கே கதையாகத் தெரியத் தொடங்கியது.

"வீட்டு வாசலில் கடல் இருக்கிறது," என்றார். "அதை விட்டுவிட்டு மீன் பிடிக்க நாட்டின் மறுபக்கம் போனீர்கள். அதுவும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு."

"ஓம் சேர்."

"ஊரே போனது என்றால் அங்கே பிறந்தவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டுமே. உன் பட்டியலில் இவர் ஒருவர்தான் இருக்கிறார். இன்னும் ஒரே ஒரு ஆளைக் காட்டு. விட்டுவிடுகிறேன்."

ஊருக்கு வந்து வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் கதைத்தார்கள். "எங்கட அட்டையில இந்த ஊர் எண்டுதானே பிள்ளை கிடக்கு," என்றார்கள். மாமாவின் வயதுக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் நாலு பிள்ளை இருக்கு," என்றார்.

அடுத்த நாள் காலை அம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து, ஊரில் ஒருவருமே அங்கே பிறக்கவில்லையா என்று கேட்டேன். அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"நீ அங்கதான் பிறந்தனீ," என்றார்.

"எங்க?" என்றேன்.

"வாடியிலதான். நல்ல மழை அண்டைக்கு. உன்னைய ஒரு மீன் கூடைக்குள்ள வச்சுத்தான் ஊருக்குக் கொண்டந்த நாங்க. இங்க வந்துதான் பதிஞ்சது, இங்க பிறந்த எண்டு. எல்லாரும் அப்படித்தான் செய்யிறது. ஆர் அங்க பதிவுக் கந்தோர் தேடிப் போற?"

"மாமாவுக்கு மட்டும் ஏன் அங்க பதிஞ்சது?"

"அவர்ர அம்மா பிள்ளப் பேறில அங்கயே செத்துப் போனா. சாவப் பதியாம பிரேதத்தை அடக்க விடேல்ல. சாவப் பதியக்க பிறப்பையும் சேத்துப் பதிஞ்சாச்சு." அம்மா செவுளைப் பிய்த்து எறிந்தார். "நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். நீ எங்களிட்ட என்னத்தக் கேட்ட?"

என்னுடைய பட்டியலில் எத்தனை பேர் வாடியில் பிறந்தவர்கள் என்று அம்மா விரல் விட்டுச் சொன்னார். ஒரு கையில் நிற்கவில்லை. உண்மை எழுதுகிறேன் என்று நான் எழுதிய பட்டியலில், வாடியில் பிறந்தவர்களுக்குள் உண்மையான வரி மாமாவுடையது மட்டும்தான்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். மாமி மாமாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு கூட வந்தார். பொறுப்பதிகாரியின் முன்னால் நின்று, "சேர், ஒரு ஆளைக் காட்டச் சொன்னீர்கள். நான் அங்கேதான் பிறந்தேன்," என்றேன். சொன்னதும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. இனி விட்டுவிடுவார் என்றே நம்பினேன்.

அவர் கையை நீட்டினார். என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தார். பட்டியலில் என் பெயரைத் தேடி எடுத்து, அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இங்கே உன் ஊர் என்று இருக்கிறது. நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய்."

"அது சரியில்லை சேர். எனக்கு இன்று காலை வரை தெரியாது."

"அரசாங்க அட்டை சரியில்லையா?"

"ஓம்."

"உன் கையால் எழுதி நீ கையெழுத்துப் போட்டதும் சரியில்லையா?"

"ஓம்."

"அப்படியென்றால் உன் மாமாவைப் பற்றி எழுதியது மட்டும் எப்படிச் சரி?"

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அது பத்திரத்தில் இல்லாத பதில், மீன் கூடையும் மழையும் கொண்ட பதில். அதை எந்தச் சிங்களத்தில் சொல்வது, எந்தத் தமிழில் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார், சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்தார். "நங்கி, உனக்கு ஆசிரியர் வேலை வரப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த வீட்டு மாமா மேல் உள்ள அன்பில் பொய் சொல்கிறாய். நீ இப்போது சொன்னதை நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போ." அவர் எனக்கு இரக்கம் காட்டினார். நான் வெளியே வந்தேன். வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த மாமி சோற்றுப் பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பத்தாம் நாள் மாமாவைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த போயா வந்தது. செயலாளர் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. பட்டியல் இல்லாமல் அனுமதி இல்லை, என்னை விட்டால் எழுத ஆளும் இல்லை. என்னை வருத்தக்கூடாது என்று வரவில்லையா, என் கையை நம்பாமல் வரவில்லையா, நான் கேட்கவில்லை. ஐஸ் அறையின் கொண்டியில் உப்புக் காற்றுப் பட்டுத் துரு ஏறியது. கனமூலை நானா துணி விற்க வருவார். மூட்டைக்குள் வாத்தியம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை பார்க்க அனுமதி கிடைத்தது. விடிய முன் புறப்பட்டு, மூன்று பஸ் மாறி, இரண்டு இடத்தில் இறங்கிச் சோதனைக்கு நின்று, நானும் மாமியும் போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாமா. பத்து நிமிடம். பேப்பர் ஒன்றும் கொண்டுபோக விடவில்லை. மாமி வீட்டைப் பற்றியும் வலையைப் பற்றியும் சொல்லி முடித்தார். அழவில்லை. பதினாலு பாட்டுக்கும் அழுத அந்த மாமிகளில் இவரும் ஒருவர்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். மாமா என்னைப் பார்த்து, "எண்ணினியா?" என்றார்.

"ஓம். பதினேழு."

"என்னென்ன?"

எனக்குப் பாடமாயிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் கேட்ட பாட்டு என்றும் சொன்னேன். மாமா வலையின் ஓட்டைகளில் விரல் வைத்து எண்ணினார். சிலதுக்குத் தலையை ஆட்டினார். ஒன்றுக்கு, "அதுக்கு எனக்கு நடுவில சொல்லு மறந்து போச்சு," என்றார். ஒன்பதாவதில் நான் நிறுத்தினேன்.

"அது அப்பான்ர துண்டு. ஒண்டும் எழுதேல்ல. வெறுந் துண்டு."

மாமா வலையிலிருந்து விரலை எடுத்தார். "உன்ர அப்பாவே கேட்டவர்?"

"ஓம்."

"அப்ப அதுக்கு என்னத்தப் படிக்கிற எண்டு நான் பாக்கிறன்," என்றார்.

விசில் ஊதினார்கள். மிச்சம் எட்டையும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அனுமதி கிடைக்கவில்லை. கடிதம் சிங்களத்தில் எழுதினால்தான் உள்ளே போகும் என்றார்கள். மாமி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பதில் சில வேளை வருகிறது, வேறு யாரோ மாமாவுக்காக எழுதிய சிங்களத்தில். 'சுகமாக இருக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதில்லை. எனக்கு நியமனம் வந்துவிட்டது. நிரப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு படிவத்திலும் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதுகிறேன். எழுத்து இன்னும் வட்டமாக, அழகாகத்தான் வருகிறது.

பேணியை எங்கள் அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். அப்பா மாதத்துக்கு ஒரு தடவை தூசு தட்டுகிறார். மாமி கடிதம் எழுதுவிக்க வரும்போதெல்லாம் கதிரையில் இருக்க முன்னால் ஒருதரம் மேலே பார்ப்பார். பிறகு, "எழுது பிள்ளை," என்பார்.